இரும்புக்கு மேலே யாரு?

போன செமஸ்டர் வைவாவில் எனக்கு வந்த கேள்வி இது. "கேவிஎம் என்பது டைப் 1 ஹைப்பர்வைசரா, டைப் 2 ஹைப்பர்வைசரா?"

"ரெண்டு விதமாவும் சொல்லலாம் சார்" என்றேன்.

"அப்போ அரை மார்க் போடட்டுமா?" என்றார் எக்ஸ்டர்னல். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அரை மார்க்கும் வரவில்லை என்பது ரிசல்ட் வந்தபோதுதான் தெரிந்தது!

மார்க் போனதற்காகப் புலம்ப இதை எழுதவில்லை (கொஞ்சம் புலம்பலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்). அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. அதுவும் காமர்ஸ் படிக்கிற நாம் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வேலைக்குப் போனால், நாளைக்கு யாரோ ஒருவருடைய பணம் வீணாகும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் இதெல்லாம் என்னவென்றே தெரியாதவர்களுக்கு. ஒரு கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்களாக நடிக்க வைப்பதுதான் விர்ச்சுவலைசேஷன். ஒரே சர்வருக்குள் பத்து விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். ஒவ்வொன்றிலும் தனி விண்டோஸோ லினக்ஸோ இருக்கும். "இந்த இரும்பு முழுக்க என்னுடையதுதான்" என்று ஒவ்வொன்றும் நம்பிக்கொண்டிருக்கும். அப்படி நம்பவைத்து, நிஜத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் பங்கு போட்டுக் கொடுக்கிற சாப்ட்வேருக்குப் பெயர் ஹைப்பர்வைசர்.

பாடப் புத்தகத்தில் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். டைப் 1 என்றால் இரும்பின் மேல் நேரடியாக உட்காருவது. இதைத்தான் 'பேர் மெட்டல்' என்கிறார்கள். கீழே ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது, வேகம் அதிகம், பாதுகாப்பு அதிகம், கம்பெனிகளுக்கு உகந்தது. டைப் 2 என்றால் ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ் அல்லது லினக்ஸ் மேல் சாதாரண அப்ளிகேஷன் மாதிரி உட்காருவது. அந்தக் கீழ் சிஸ்டத்துக்கு ஹோஸ்ட் என்று பெயர். வேகம் குறைவு, மாணவர்களுக்கு உகந்தது. பக்கத்தில் பெட்டி மேல் பெட்டி அடுக்கிய ஒரு படமும் இருக்கும். ஐந்து மார்க் கேள்வி, முடிந்தது.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது? 1973-ல் ஹார்வர்டில் ராபர்ட் கோல்ட்பர்க் தன் முனைவர் பட்ட ஆய்வில் எழுதியது. அவர் கண் முன் இருந்தவை ஐபிஎம் மெயின்பிரேம்கள். அதற்கு முந்தின வருடம்தான் ஐபிஎம் தன் விஎம்/370-ஐ அறிவித்திருந்தது. அந்தக் காலத்துக்கு அது நல்ல பிரிவுதான். ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய மெயின்பிரேமுக்கு எடுத்த அளவில் இன்றைக்கு உள்ளவற்றுக்குச் சட்டை தைத்தால் எப்படிப் பொருந்தும்? போட்டுத்தான் பார்ப்போமே.

முதலில் கேவிஎம். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கெர்னலில் சேர்க்கப்பட்டது. இது தனி ஹைப்பர்வைசர் அல்ல, லினக்ஸ் கெர்னலுக்குள் ஏற்றுகிற ஒரு மாட்யூல். ஏற்றியதும் லினக்ஸே ஹைப்பர்வைசர் ஆகிவிடுகிறது. கெர்னல் இரும்பின் மேல் நேரடியாகத்தானே உட்கார்ந்திருக்கிறது? அப்படிப் பார்த்தால் டைப் 1. ஆனால் அதே லினக்ஸில் நீங்கள் பாட்டுக் கேட்கலாம், பிரவுசர் திறக்கலாம். ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் லினக்ஸுக்கு இன்னொரு பிராசஸ்தான். அப்படிப் பார்த்தால் டைப் 2. இப்போது சொல்லுங்கள், நான் வைவாவில் சொன்னது தப்பா?

"டைப் 2 என்றால் மாணவர்களுக்கு" என்பது உண்மையானால் அமேசானும் மாணவர் கணக்கில்தான் வரும். அவர்களுடைய கிளவுட் ஆரம்பத்தில் ஸென் என்ற ஹைப்பர்வைசரில் ஓடியது. 2017-லிருந்து வந்த நைட்ரோ ஏற்பாட்டில் இருப்பது கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட ஹைப்பர்வைசர். கூகுள் கிளவுடும் கேவிஎம்தான்.

அடுத்து மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி. 2008-ல் வந்தது. எல்லாப் புத்தகத்திலும் இது டைப் 1. சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் இதை எப்படி நிறுவுகிறோம்? முதலில் விண்டோஸ் போடுகிறோம். பிறகு அதற்குள் போய் ஹைப்பர்-வி என்ற இடத்தில் டிக் அடித்து ரீஸ்டார்ட் செய்கிறோம். திரும்பி வந்தால் அதே விண்டோஸ், அதே வால்பேப்பர். ஆனால் உள்ளே விஷயம் தலைகீழாகிவிட்டது. ஹைப்பர்வைசர் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரை சொந்தக்காரராக இருந்த விண்டோஸ் இப்போது 'ரூட் பார்ட்டிஷன்' என்ற பெயரில் ஒரு குடித்தனக்காரர். ஆனால் டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்குமான டிரைவர்கள் இன்னும் அந்த விண்டோஸிடம்தான். மற்ற மெஷின்கள் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் டிஸ்கைத் தொட முடியும். ராத்திரி வீட்டுக்காரராகப் படுத்தவர் காலையில் குடித்தனக்காரராக எழுந்திருக்கிறார், ஆனால் சாவிக்கொத்து மட்டும் இன்னும் அவர் இடுப்பில்!

ஸென்னும் கிட்டத்தட்ட இதே கதை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2003-ல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஹைப்பர்வைசர் ரொம்பச் சின்னது. ஆனால் பூட் ஆனதும் முதல் வேலையாக 'டொமைன் ஜீரோ' என்ற சலுகை பெற்ற மெஷினை எழுப்பும். அதில் பெரும்பாலும் லினக்ஸ்தான் இருக்கும். டிரைவர்கள், நிர்வாகம் எல்லாம் அங்கேதான். ஆபரேட்டிங் சிஸ்டம் கீழே இல்லை, சரி. பக்கத்து அறைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

"ஈஎஸ்எக்ஸ்ஐ இருக்கே, அது சுத்தமான பேர் மெட்டல் ஆச்சே?" என்று கேட்பீர்கள். விஎம்வேர் 2001-ல் ஈஎஸ்எக்ஸ் என்று கொண்டுவந்தபோது, அதில் நிர்வாகத்துக்கு லினக்ஸ் அடிப்படையிலான 'சர்வீஸ் கன்சோல்' ஒன்று கூடவே இருந்தது. 2007-ல் அதை எடுத்துவிட்டு ஈஎஸ்எக்ஸ்ஐ வந்தது. 2011-ல் வந்த பதிப்பு 5-லிருந்து ஈஎஸ்எக்ஸ்ஐ மட்டும்தான். சரி, லினக்ஸ் கன்சோல் போன பிறகு என்ன மிச்சம்? விஎம்கெர்னல். அது சிபியு நேரத்தைப் பங்கிடுகிறது, மெமரியைப் பங்கிடுகிறது, டிரைவர்களை வைத்திருக்கிறது, தனக்கென்று ஒரு பைல் சிஸ்டம் வைத்திருக்கிறது, நெட்வொர்க்கை நடத்துகிறது. உள்ளே நுழைந்து கமாண்ட் அடிக்க ஷெல் கூட இருக்கிறது. இதையெல்லாம் செய்கிற ஒன்றுக்கு முதலாம் ஆண்டில் நமக்கு என்ன பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆபரேட்டிங் சிஸ்டம்!

அதனால் 'ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்ற வார்த்தைக்கு உண்மையான அர்த்தம், 'எல்லா வேலைக்குமான ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்பதுதான். இரும்பை ஆள்கிற வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். வாசலில் பெயர்ப் பலகை மாறலாம், வேலை மறையாது.

மறுபக்கமும் இதே கதைதான். டைப் 2 என்றால் 'சாதாரண அப்ளிகேஷன் மாதிரி' ஓடும் என்பார்கள். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 1999-ல் வந்தபோதே அப்படி ஓடவில்லை. ஹோஸ்டின் கெர்னலுக்குள் ஒரு டிரைவரை நட்டு, அதன் மூலமாகத் தன் முறை வரும்போது ஹோஸ்டையே ஓரமாக ஒதுக்கிவிட்டு சிபியுவை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். நோட்பேடும் கால்குலேட்டரும் இப்படியா செய்கின்றன?

அந்தக் காலத்தில் இவ்வளவு வித்தை காட்ட வேண்டியிருந்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு மெஷினை ஒழுங்காக விர்ச்சுவலைஸ் செய்ய என்னென்ன வேண்டும் என்று 1974-லேயே ஜெரால்டு போபெக்கும் கோல்ட்பர்க்கும் எழுதிவிட்டார்கள். நம் வீட்டு பிசியில் இருக்கும் எக்ஸ்86 சிப் அந்த நிபந்தனைகளில் பாஸ் ஆகவில்லை. 2005-ல் இன்டெல்லும் 2006-ல் ஏஎம்டியும் சிப்புக்குள்ளேயே விர்ச்சுவலைசேஷனுக்கு வழி செய்தார்கள். அதற்குப் பிறகு டைப் 1, டைப் 2 இரண்டும் சிபியுவில் நுழைவது அதே கதவு வழியாகத்தான். வெறும் கணக்குப் போடுகிற வேலையில் பெரிய வேக வித்தியாசம் வர அவ்வளவாகக் காரணம் இல்லை. டிஸ்க், நெட்வொர்க் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். அது டைப் நம்பரைப் பார்த்துத் தெரிகிற விஷயம் இல்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு ஆமை. விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டியிருக்கிறீர்களா? சில லேப்டாப்களில் கீழே ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம் வரும். மெஷின் ஊர்ந்து போகும். ஹைப்பர்-வி ஏற்கெனவே அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். புது விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் பாதுகாப்புக்காக அதை ஆன் செய்தேதான் தருகிறார்கள். சிபியுவின் கதவை ஹைப்பர்-வி பிடித்துக்கொண்டதால் விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓட வேண்டியிருக்கிறது. இப்போது மாடிகளை எண்ணுங்கள். இரும்பு, அதன் மேல் டைப் 1, அதன் மேல் விண்டோஸ், அதன் மேல் டைப் 2, அதன் மேல் உங்கள் லினக்ஸ். விண்டோஸ் இதில் ஹோஸ்டா, கெஸ்ட்டா? இந்தப் படத்தைப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் போடுவார்கள்?

சரி, "காமர்ஸ் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்விக்கு வருவோம்.

அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 1 ஞாபகம் இருக்கிறதா? கணக்குக் கொள்கைகளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று, வடிவத்தை விடச் சாரம் முக்கியம் என்பது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காதே, நிஜத்தில் என்ன நடக்கிறது என்று பார். ஒரு மெஷினைக் குத்தகைக்கு எடுக்கிறோம். காகிதத்தில் அது வாடகை. ஆனால் அதன் ஆயுள் முழுக்க நாமே வைத்துக்கொண்டு, லாப நஷ்டமும் நம் தலையில் என்றால் அது வாங்கியது மாதிரிதான். அதனால்தான் பைனான்ஸ் லீஸ் என்று தனியாகக் கணக்கு எழுதுகிறோம். ஹைப்பர்வைசர் விஷயத்திலும் அதேதான். 'டைப் 1' என்பது பத்திரத்தில் இருக்கிற வார்த்தை. சாரம் என்ன என்று பார்ப்பதற்குத்தானே நமக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள்?

பார்க்காவிட்டால் என்ன ஆகும்? மூன்று சம்பவங்கள் சொல்கிறேன்.

2015-ல் வெனம் என்ற ஓட்டை வெளியே வந்தது. ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பவன் அதை உடைத்துக்கொண்டு வெளியே வர வழி கொடுக்கிற ஓட்டை. எங்கே இருந்தது தெரியுமா? பிளாப்பி டிரைவ் மாதிரி நடிக்கிற கோடில்! (பிளாப்பியை நேரில் பார்த்தவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்?) கியூஎம்யு என்ற சாப்ட்வேரில் இருந்த அந்தக் கோடை ஸென்னும் கேவிஎம்மும் விர்ச்சுவல்பாக்ஸும் எடுத்தாண்டிருந்தன. மூன்றுக்கும் அடி. விஎம்வேருக்கும் ஹைப்பர்-விக்கும் அடி இல்லை. டைப் 1-ல் பாதி மாட்டியது, பாதி தப்பித்தது. ஓட்டை டைப் நம்பரைப் பார்க்கவில்லை, யாருடைய கோடு என்றுதான் பார்த்தது.

2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைப் பூட்டியது. அதற்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்துவிட்டது. இரண்டு வருடம்! ஒவ்வொருவரும் ஏன் போடாமல் விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் "கீழே ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லை" என்று நம்புகிற ஒரு மேனேஜருக்கு, அதற்கு அப்டேட் போட வேண்டும், அதற்காக ஒரு ராத்திரி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று தோன்றுமா? இல்லாத ஒன்றுக்கு யாராவது மெயின்டனன்ஸ் செலவு பட்ஜெட்டில் போடுவார்களா?

மூன்றாவது நம் சப்ஜெக்ட். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்திவிட்டு, இனி சந்தாதான் என்றது. 2024 பிப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ-யையும் நிறுத்தினார்கள் (2025 ஏப்ரலில் மறுபடியும் வந்தது). ஒரு முறை வாங்கிச் சொத்தாக எழுதி வருடா வருடம் கழித்துக்கொண்டிருந்த கம்பெனி, அடுத்த புதுப்பித்தலிலிருந்து அதை வருடாந்திரச் செலவாக எழுத வேண்டிய நிலை. சொந்த வீடு என்று நினைத்து மேலே மாடி மாடியாகக் கட்டியவர்களுக்கு மனை வாடகை நோட்டீஸ் வந்த மாதிரி. மேலே ஓடுகிற விண்டோஸும் லினக்ஸும் அப்படியே இருக்கின்றன. மாறியது அடித்தளத்தின் விலை. வேறு இடத்துக்குப் போகலாம் என்றால் எல்லா மெஷினையும் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும், ஆட்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். 'கீழே ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கா, இல்லையா?' என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். கொட்டேஷன் கையில் வந்தால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, டிரைவர்களும் நிர்வாகமும் யாரிடம்? விஎம்கெர்னலா, ரூட் பார்ட்டிஷன் விண்டோஸா, டொமைன் ஜீரோவா, ஹோஸ்ட் லினக்ஸா? அது எதுவோ, அதற்குத்தான் பேட்ச் போட வேண்டும், அதன் பாஸ்வேர்டைத்தான் காப்பாற்ற வேண்டும்.

இரண்டு, அந்த இடத்தில் வேறு என்ன வேலை நடக்கிறது? மெஷின்களை ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் இல்லையா, அல்லது யாராவது அதே சிஸ்டத்தில் மெயில் திறந்து, யூடியூப் பார்த்து, கண்ட கண்ட பென்டிரைவைச் சொருகுகிறார்களா?

மூன்று, அந்த அடுக்கின் விலையை நிர்ணயிப்பது யார்? அவர் நாளைக்கு மனம் மாறினால் நாம் வெளியே வர எவ்வளவு செலவாகும்?

"அப்போ டைப் 1, டைப் 2 என்று சொல்லவே கூடாதா?" என்று கேட்டால், அப்படியும் இல்லை. சர்வர் அறையில் ஓடுவதையும் என் லேப்டாப்பில் ஓடுவதையும் சட்டென்று பிரித்துச் சொல்ல அது உதவுகிறது. அடியில் இருக்கும் கோடு எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு ஓட்டைகள் வர வாய்ப்பும் குறைவு என்பதும் உண்மைதான். ஈஎஸ்எக்ஸ்ஐ அந்த வகையில் நல்ல பொறியியல், மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்மை வருவது ஆபரேட்டிங் சிஸ்டம் 'இல்லாததால்' அல்ல. அது ஒரே வேலையைப் பார்ப்பதால். பிராக்ஸ்மாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, டெபியன் லினக்ஸும் கேவிஎம்மும் சேர்ந்தது. அதைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு, மெஷின்களை ஓட்டுவதற்கு மட்டுமே வைத்திருந்தால், அதுவும் தொழில்முறை ஏற்பாடுதான். அதே லினக்ஸ், அதே கேவிஎம், என் லேப்டாப்பில் நாலு கேமோடும் நாற்பது டேப்போடும் ஓடினால் அது வேறு கதை. இரண்டுக்கும் டைப் நம்பர் ஒன்றுதான். அந்த நம்பர் எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைவா எடுத்த சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருந்த விடைத்தாளில் ஒரே ஒரு விடைதான் இருந்திருக்கும். நாளைக்கு நாம் ஆடிட் போகும்போது நம் கையிலும் ஒரு செக்லிஸ்ட் இருக்கும். "ஹைப்பர்வைசர்: டைப் 1. ஆமாம் / இல்லை." டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்புவது ரொம்ப சுலபம். அந்த டிக்குக்குக் கீழே பேட்ச் போடாத ஒரு கெர்னல் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கலாம்.

மறுபடியும் அந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்வேன்? "சார், கேவிஎம் போட்டா லினக்ஸே ஹைப்பர்வைசர் ஆயிடும், அதனால டைப் 1-ன்னு சொல்லலாம். அந்த லினக்ஸ் ஹோஸ்டாவும் இருக்கிறதால டைப் 2-ன்னும் சொல்லலாம். எதுவா இருந்தாலும் அந்த லினக்ஸை அப்டேட் பண்ணணும் சார்."

கடைசி வரிக்காவது அரை மார்க் கிடைக்குமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் குறிப்பாக. திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, வைவாவிலேயே பழகிவிட்டது!